இலவச அரிசிக்குப் பிறகு: திருப்பூர்க் குடும்பம் ஒன்றின் வாரச் சாப்பாட்டுக் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் என்பது கிடையாது. சனிக்கிழமை மாலைதான் கூலி கைக்கு வரும். அதனால் அடுப்படியும் வாரக் கணக்கிலேயே இயங்குகிறது. சனி இரவு பரோட்டா, ஞாயிறு கோழி, திங்கள் முதல் புதன் வரை சாம்பாரும் பொரியலும், வியாழனன்று ரசமும் அப்பளமும், வெள்ளிக்கிழமை சோற்றுக்கு ஊறுகாய். இந்த ஏற்ற இறக்கம் அந்த ஊர் லைன் வீடுகளில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட ஒரு வீடு. ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விலைகள் 2025 பிப்ரவரியில் அந்தக் குடும்பம் கொடுத்தவை.

வீட்டில் ஐந்து பேர். கணவர் பவர் டேபிள் டெய்லர், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் இயந்திரத்தில் தைப்பவர். மனைவி கம்பெனியிலிருந்து தைத்த பீஸ்களை வீட்டுக்கு வாங்கி வந்து, தொங்கும் நூல் பிசிறு வெட்டித் தருகிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், இருவரும் அரசுப் பள்ளி. தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் கணவரின் தாயாருக்குச் சர்க்கரை நோய். அரிசி அட்டை இருக்கிறது.

மனைவி சொன்ன குறை, பணம் போதவில்லை என்பது. பள்ளிப் பரிசோதனையில் மகளுக்கு ஹீமோகுளோபின் 10.4 என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வயதுக்கு 12 இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது அபூர்வமான எண்ணும் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று வந்திருக்கிறது. இந்த இரண்டு குறைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

பணம் எங்கே போனது

செலவை எழுதிப் பார்த்தோம். பச்சை நிற ஆவின் பால் நாளுக்கு ஒரு லிட்டர், வாரத்துக்கு 308 ரூபாய். மாதம் 25 கிலோ பொன்னி அரிசி வாங்கியதில் வாரத்துக்கு 325. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், டீத்தூள் எல்லாம் அடங்கிய மளிகை 560. காய்கறி 330. ஞாயிறு ஒரு கிலோ கோழி 240. சனி இரவு பரோட்டா 200. பாக்கெட் இட்லி மாவு 160. பிள்ளைகளின் தின்பண்டப் பாக்கெட்டுகள், கணவர் மாலையில் சாப்பிடும் வடை, வீட்டில் வாங்கி வைக்கும் மிக்சர், பிஸ்கட் ஆகியவை 420. எப்போதாவது ஆறு முட்டை 36. மொத்தம் 2,579 ரூபாய்.

ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி இலவசம். 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கின்றன. இலவச அரிசியோடு பொன்னியையும் சேர்த்தால் மாதம் 45 கிலோ அரிசி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம் போதும் என்கிறது. இந்த வீட்டில் எட்டு வயதுப் பையனையும் அறுபத்தைந்து வயதுப் பாட்டியையும் சேர்த்துத்தான் சராசரி 300.

அதே வழிகாட்டி பருப்பு, முட்டை, இறைச்சி வகைகளுக்கு 85 கிராம், காய்கறிக்கு 400 கிராம், பாலுக்கு 300 மில்லி, பழத்துக்கு 100 கிராம் என்று வைக்கிறது. ஐந்து பேருக்கு 85 கிராம் வீதம் வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று கிலோ வர வேண்டும். இந்த வீட்டில் உளுந்தையும் சேர்த்துப் பருப்பு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கோழியைச் சேர்த்தால் இரண்டு கிலோவை எட்டும். ஆனால் அந்தக் கோழி ஞாயிறு மதியத்தோடு முடிந்துவிடுகிறது. காய்கறி வாரத்துக்கு ஏழு கிலோ, அதிலும் மூன்று கிலோ வெங்காயமும் தக்காளியும். பழம் அநேகமாக இல்லை.

பசி அடங்குகிற அளவுக்குச் சோறு இருக்கிறது, ஆகவே பட்டினி இல்லை. 2011 ஜூனிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் அரிசி இந்த மாநிலத்தில் செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எது இலவசமாக வருகிறதோ அதுவே தட்டை நிரப்பும். நாம் வழக்கமாகத் திட்டம் போடும்போது முதலில் சோறு, பிறகு அதற்கு என்ன குழம்பு என்று கேட்கிறோம். அரிசி அட்டை உள்ள வீட்டில் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இன்றைக்கு என்ன பயறு, அதற்கு எவ்வளவு சோறு? இந்த ஆய்வில் செய்தது முக்கியமாக இந்த ஒரு மாற்றம்தான்.

அறுந்துபோன பெல்ட்

வாரம் 160 ரூபாய்க்குப் பாக்கெட் மாவு ஏன் என்று கேட்டபோது, பரண் மேலே கையைக் காட்டினார்கள். 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர் அங்கே துணி மூடிக் கிடந்தது. பெல்ட் அறுந்து நாளாகிவிட்டது. அதை மாற்றுவதற்கான செலவு ஒன்றரை வாரத்து மாவுக் காசுதான். ஆனால் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும், ஒரு வேலை நாள் வேண்டும். கூலி வேலைக்காரர்களின் வீட்டில் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. சிக்கனம் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

பெல்ட் மாற்றியதும் இரண்டு காரியங்கள் நடந்தன. சோற்றுக்கு வாசம் பிடிக்கவில்லை என்று குறை சொல்லப்பட்ட ரேஷன் புழுங்கல் அரிசி இட்லிக்கு நன்றாகவே பொருந்தியது. பொன்னி மாதம் 25 கிலோவிலிருந்து 12 கிலோவாகக் குறைந்தது. மகள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகத் தொடங்கினாள்.

இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். தம்பிக்குப் பள்ளியிலேயே காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த திட்டம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அவன் வயிறு நிறைந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு அது முடிந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா, டீயும் இரண்டு பிஸ்கட்டுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டதும் குமட்டியது, அதனால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுவாள்.

போதாக்குறைக்கு இன்னொன்று. 2023இலிருந்து ரேஷன் அரிசி செறிவூட்டப்பட்டதாக வந்துகொண்டிருந்தது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் கலந்திருக்கும். கழுவும்போது அவை மிதப்பதைப் பார்த்து, பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியதே, அதை நம்பி அம்மா ஒவ்வொரு நாளும் அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். மகளுக்குச் சேர வேண்டியதை எவ்வளவு அக்கறையாக வெளியே கொட்டியிருக்கிறார் என்று நினைத்தால் சங்கடமாக இருந்தது. ரேஷன் கடை வாசலில் ஒரு பலகை வைத்து விளக்கியிருந்தால் தீர்ந்திருக்கும்.

பத்து கிராம் புரதம் என்ன விலை

அடுத்து விலையை வேறு விதமாகப் பார்த்தோம். கிலோ என்ன விலை என்று கேட்காமல், பத்து கிராம் புரதம் எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால் கடைத்தெருவின் முகமே மாறிவிடுகிறது. ரேஷன் துவரம்பருப்பில் ஒன்றரை ரூபாய்க்குள். கொள்ளு கிலோ 80 என்றால் நான்கு ரூபாய்க்குள். கொண்டைக்கடலையிலும் நிலக்கடலையிலும் ஐந்து, ஐந்தரை. வெளிச்சந்தைத் துவரம்பருப்பு கிலோ 150 என்றால் ஏழு. முட்டை ஆறு ரூபாய் என்றால் பத்து. பாலில் பதின்மூன்று, பதினான்கு. எலும்பைக் கழித்துப் பார்த்தால் கோழியில் பதினாறு, பதினேழு.

இந்த வரிசையைப் பார்த்ததும் கணவருக்கு வந்த சந்தேகம் நியாயமானது: அப்படியானால் கொள்ளையே தினமும் தின்றுவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1945இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், 77 உணவுப் பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒரு ஆண் தேவையான சத்துகளோடு மிகக் குறைந்த செலவில் ஒரு வருடம் சாப்பிட என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டார். 1939 விலையில் வருடத்துக்கு 39.93 டாலர். கோதுமை மாவு, டப்பாப் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ், அவ்வளவுதான் பட்டியல். இரண்டு வருடம் கழித்து, ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய புதிய கணித முறையால் அதே கணக்கைத் தீர்த்தபோது விடை 39.69 டாலர். ஸ்டிக்லர் கையால் போட்டதற்கும் அதற்கும் சில காசுகள்தான் வித்தியாசம். கணிதம் ஜெயித்தது, சாப்பிடத்தான் யாரும் முன்வரவில்லை. அந்த உணவை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை என்று ஸ்டிக்லரே எழுதிவைத்தார்.

ஆகவே கொள்ளை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்தோம். எந்த நாள் என்பதில் மட்டும் கொஞ்சம் தந்திரம் இருந்தது.

வாரம் எப்படி அமைந்தது

எந்த நாளில் என்ன பயறு என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டு, பலகாரத்தையும் குழம்பையும் வீட்டாரிடமே விட்டோம். அச்சடித்த வார மெனு ஒட்டிய சமையலறைகளில் அது மூன்றாம் வாரமே கிழிந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு காலை உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தபோது இருந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது: விலைப் பலகை, இடைத்தரகர் இல்லாத கடை. 420 ரூபாய்க்குக் கீரை நான்கு கட்டு உட்படப் பத்து கிலோ காய் வந்தது. முன்பு தெருக்கடையில் அன்றன்றைக்கு வாங்கியதில் பாதி, குழம்புக்கான காய் மட்டும்தான். வாங்கிய காயைக் கெட்டுப்போகும் வேகத்தின்படி செலவழித்தார்கள். கீரையும் வெண்டைக்காயும் ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கு. கத்தரிக்காய், பீர்க்கங்காய் நடுவாரத்துக்கு. கோஸ், பூசணி, சேனை, வாழைக்காய் வியாழன், வெள்ளிக்கு. வீட்டில் ஃப்ரிட்ஜ் சிறியது, பாதி நேரம் மாவுக்கே சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கோழியில் கை வைக்கவில்லை. புரதக் கணக்கில் அதுதான் விலை கூடியது என்பது உண்மை. ஆனால் ஆறு நாள் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கு அந்த ஒரு மதியம் என்னவென்று கணக்கில் வராது. வெட்டியது சனி இரவுப் பரோட்டாவை. அதுவும் முழுதாக இல்லை, மாதம் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள்.

திங்கள் இட்லி, நிலக்கடலைச் சட்னி, மதியம் கீரைக் கடைசல். செவ்வாய் கொண்டைக்கடலை போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. புதன் பூசணி சாம்பார், இரவு முட்டைக் குழம்பு. வியாழன் கொள்ளு. பர்ஸ் காய்ந்துபோகும் நாளில் ரசமும் அப்பளமும் வந்த இடம் இது. கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளைப் பூண்டும் சீரகமும் போட்டுக் கடைந்து பருப்பு. முந்தின இரவு ஊறவைத்து குக்கரில் வைப்பதால் கேஸும் அதிகம் ஆகவில்லை. இதைப் பாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் வளர்ந்த மானாவாரிக் காட்டில் விளைந்ததே அதுதான். மருமகள்தான், மாட்டுக்குப் போடுவது என்று முகம் சுளித்தவர். வெள்ளி, கொங்கு வீடுகளின் அரிசியும் பருப்பும். ஒரே குக்கரில் முடிந்துவிடுகிற, ஊறுகாயைத் துணைக்கு மட்டும் கேட்கிற சாப்பாடு. கோஸ் பொரியலும் தயிரும் கூடவே. சனி, ரேஷனில் அரிசிக்குப் பதிலாக எடுத்த ஐந்து கிலோ கோதுமையை மில்லில் அரைத்துச் சப்பாத்தி, பாசிப்பயறு கடைந்து.

மாலை நேரம்தான் பெரிய ஓட்டை. நான்கரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கும், ஆறு மணிக்கு இயந்திரத்தின் முன் பசிக்கும் தகப்பனுக்கும் கையில் கிடைப்பது பாக்கெட்டும் வடையும்தான். இதற்கு உபதேசம் உதவாது, வேறு ஏதாவது தயாராக இருக்க வேண்டும். ஒரு டப்பா அவித்த நிலக்கடலை, சில நாள் சுண்டல், ஒரு கொய்யா அல்லது வாழைப்பழம். 420 ரூபாய் 150ஆக இறங்கியது. பூஜ்யமாக்க முயலவில்லை, பையன் ஒளித்து வாங்கத் தொடங்குவான்.

புதிய வாரக் கணக்கு: பால் 308, பொன்னி 160, கேழ்வரகு ஒரு கிலோ 45, ரேஷன் பருப்பையும் சேர்த்து இரண்டரை கிலோ பயறு வகைகள் 260, முட்டை பதினைந்து 90, நிலக்கடலை அரை கிலோ 65, காய் 420, பழம் 90, கோழி 240, மற்ற மளிகை 420, தின்பண்டம் 150, பரோட்டாவின் வாரப் பங்கு 50. மொத்தம் 2,298. முன்பைவிட 281 ரூபாய் குறைவு. தானியம் ஆளுக்கு 240 கிராமாக இறங்கியது. பயறும் முட்டையும் கோழியும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டின. காய்கறி மட்டும் வழிகாட்டி சொல்லும் பதினான்கு கிலோவை எட்டவில்லை. பழமும் பாதிதான்.

கேழ்வரகைப் பற்றி ஒரு எச்சரிக்கை

பாட்டிக்குச் சர்க்கரை என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னது ராகிக் களி. கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் பத்துகூட இல்லை. வளரும் பெண்ணுக்கும் பையனுக்கும் இதைவிட மலிவான கால்சியம் கிடையாது. ஆனால் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். புரதம் அரிசி அளவே. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பாட்டி சோற்றைவிட இரண்டு மடங்கு களியைத் தைரியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அளவைக் குறைத்து, தட்டில் பாதியைக் காயும் கால் பங்கைக் கடைந்த பயறும் பிடிக்கும்படி மாற்றினோம். மாத்திரை அளவை முடிவு செய்வது மருத்துவர் வேலை, அதைத் தொடவில்லை. சாப்பாட்டை மாற்றியிருக்கிறோம் என்று அரசு மருத்துவமனையில் சொல்லச் சொன்னோம்.

மகளுக்குச் செய்த மாற்றம் இன்னும் சிறியது. சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம். டீயிலுள்ள பொருள்கள் கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் ஏற்கவைக்கும். காலையில் வயிறு நிறைந்திருந்ததால் நீல மாத்திரையும் உள்ளே போனது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.3. இதில் பெரும்பங்கு மாத்திரைக்கே போக வேண்டும். மாத்திரை உள்ளே போகும்படி செய்ததுதான் இட்லியின் பங்கு.

எங்கே சறுக்கியது

மார்ச்சில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கியது. கணவருக்குத் தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரைக்கு மேல்தான் வீடு. மனைவிக்கும் பீஸ் குவிந்தது. இரவெல்லாம் பிசிறு வெட்டினால் பயறை யார் ஊறவைப்பது? பாக்கெட் மாவு திரும்பி வந்தது, பரோட்டாவும் வந்தது. அந்த வாரங்களில் கூலி அதிகம், சாப்பாடு மோசம். வருமானம் கூடினால் உணவு மேம்படும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வீட்டில் வருமானம் கூடியது நேரத்தை விற்றுத்தான்.

தப்பிப் பிழைத்தவை மூன்று: அரிசியும் பருப்பும், முட்டை, அவித்த நிலக்கடலை. மூன்றுக்கும் பொதுவானது, பத்து நிமிடத்துக்கு மேல் ஆள் நிற்க வேண்டாம் என்பது. முதலில் காணாமல் போனவை கீரையும் பழமும். கீரை ஆய உட்கார நேரமில்லை. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் இலவசமாகவே கிடைத்தது, உருவிப் போட ஆளில்லை. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. பையன் சில நாள் உருவிக் கொடுத்தான், அம்மா சொன்னதால் இல்லை, காசு கேட்டு.

மே மாத விடுமுறைக்கான கணக்கை ஏப்ரலிலேயே போட வேண்டியிருந்தது. பள்ளி நாள்களில் பையனுக்கு வாரம் ஐந்து காலை உணவும் ஐந்து மதிய உணவும் பள்ளியில். மகள் சோற்றை வீட்டிலிருந்து கொண்டுபோனாலும் சத்துணவு முட்டையை வாங்கிச் சாப்பிடுவாள். இருவருக்கும் சேர்த்து வாரம் பத்து முட்டை. இவை எதுவும் வீட்டுக் கணக்கில் எழுதப்படாத உணவு. விடுமுறை விட்டதும் எல்லாம் வீட்டின் மேல் விழும். முட்டைக்கு மட்டும் வாரம் 60 ரூபாய். பையனின் பத்து வேளைக்குச் சிக்கனமாகப் பார்த்தாலும் இன்னொரு 200. பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருப்பதால் தின்பண்டச் செலவும் ஏறும். வாரம் மிஞ்சிய 281 ரூபாயை ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தோம், மார்ச் மாத நெருக்கடி வாரங்களில் அது பாதியாகிவிட்டது. மீதியில் பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் மொத்தமாக வாங்கி, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுக்கும் செருப்புக்கும் வேறு பணம் வேண்டும்.